மிதக்கும் வீடுகள்: கீழே கான்கிரீட், மேலே மரம்

வெள்ளம் வந்தால் வீட்டை விட்டுவிட்டு உயிர் தப்ப ஓடுவோம். தண்ணீர் ஏறும்போது வீடும் கூடவே எழும்பினால் எப்படி இருக்கும்? நெதர்லாந்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு ஆறுகள் பெருக்கெடுத்தபோது ஏறத்தாழ 2.5 லட்சம் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். பத்தாண்டுகள் கழித்து, மாஸ் ஆற்றை ஒட்டிய மாஸ்பொம்மல் என்ற ஊரில், வெள்ளத்தடுப்புக் கரைக்கு வெளியே புதுவகை வீடுகள் எழுந்தன. அவற்றுள் 32 வீடுகள் மற்ற நாட்களில் தரையில் அமர்ந்திருக்கும்; ஆறு ஏறினால் மிதக்கும். இன்னும் 14 வீடுகள் எப்போதும் நீரின் மேலேயே இருக்கும். 2011 ஜனவரியில் ஆறு பெருகியபோது தரையில் இருந்த வீடுகளும் மிதந்தன. நீர் வடிந்ததும் பழைய இடத்திலேயே வந்து அமர்ந்தன.

இதில் மந்திரம் ஏதுமில்லை. வீட்டின் அடியில் உள்ளீடற்ற ஒரு கான்கிரீட் தொட்டி. அதன் மேல் மரச்சட்ட வீடு. அவ்வளவுதான்.

எடைக் கணக்கு

பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடை அளவுக்கு நீர் அதைத் தாங்கும். ஒரு கன மீட்டர் நன்னீரின் எடை 1,000 கிலோ. 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட தொட்டியின் பரப்பு 60 சதுர மீட்டர். அது 10 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் 6 கன மீட்டர் நீரை விலக்கும். அதாவது 6 டன் சுமையைக் கூடுதலாகத் தாங்கும்.

இப்போது சுவரைப் பார்ப்போம். 20 சென்டிமீட்டர் கனமுள்ள செங்கல் சுவர், ஒரு சதுர மீட்டருக்கு 350 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். மரச்சட்டம் அடித்து, இடையில் வெப்பத்தடுப்புப் பஞ்சு வைத்து, இருபுறமும் பலகை பொருத்திய சுவரின் எடை அதில் சிறு பங்குதான். எடை குறைந்தால் தொட்டி சிறிதாக இருந்தாலே போதும், செலவும் குறையும்.

சமநிலையும் முக்கியம். கனமான கான்கிரீட் அடியிலும் லேசான மரம் மேலேயும் இருந்தால் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும். வீடு எளிதில் சாயாது. தலைகீழாகக் கட்டினால் ஆபத்து. உள்ளே சாமான் வைப்பதிலும் கவனம் தேவை. கனமான பீரோக்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் அடுக்கினால் வீடு அந்தப் பக்கம் சரியும்.

பட்டறையில் பாதி வேலை

நீரின் மேல் நின்றுகொண்டு சுவர் எழுப்புவது சிரமம். அதனால் சுவர், தளம், கூரை ஆகியவற்றைப் பட்டறையில் அளவெடுத்து அறுத்து, சட்டங்களாகச் செய்துவிடுகிறார்கள். மழை படாத இடத்தில் வேலை நடப்பதால் மரம் காய்ந்த நிலையிலேயே மூடப்படுகிறது. ஒவ்வொரு பகுதியின் எடையும் முன்கூட்டியே தெரிவதால் வீடு எவ்வளவு அமிழும் என்பதையும் கணக்கிடலாம். பிறகு தொட்டியின் மேல் பொருத்தி, இழுவைப் படகால் இழுத்துச் சென்று இடத்தில் நிறுத்துவார்கள். ஆம்ஸ்டர்டாமில் 46 குடும்பங்கள் வாழும் ஸ்கோன்ஸ்கிப் என்ற மிதக்கும் குடியிருப்புக்கும் வீடுகள் வேறிடத்தில் கட்டப்பட்டு இழுத்துவரப்பட்டவைதான்.

வீடு நீரோடு போய்விடாமல் இருக்கச் செங்குத்தான கம்பங்கள் ஊன்றப்படுகின்றன. வீடு அவற்றைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் மட்டுமே நகரும். மாஸ்பொம்மலில் 5.5 மீட்டர் வரை எழும்ப இடம் விட்டிருக்கிறார்கள். குடிநீர், கழிவுநீர், மின்சார இணைப்புகள் எல்லாம் வளையக்கூடிய குழாய்கள் வழியே வருகின்றன.

ஒரு பள்ளி தந்த பாடம்

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் மகோகோ என்ற குடியிருப்பு உள்ளது. ஏழை மீனவர்கள் காயலுக்குள் மரக்கால்கள் ஊன்றி வீடு கட்டி வாழும் இடம். 2013இல் அங்கே மூன்றடுக்கு மிதக்கும் பள்ளி ஒன்று மரத்தால் கட்டப்பட்டது. அதைத் தாங்கியவை 256 பிளாஸ்டிக் பீப்பாய்கள். உலகமே பாராட்டியது. அதன் மேம்பட்ட மாதிரிக்கு 2016 மே மாதம் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் வெள்ளிச் சிங்க விருது கிடைத்தது. அடுத்த மாதமே, கனமழையில் லாகோஸ் பள்ளி இடிந்து விழுந்தது. மாணவர்களை முன்பே அங்கிருந்து மாற்றியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

மரமும் மிதவையும் மட்டும் வீட்டைக் காப்பாற்றிவிடாது என்பதுதான் நாம் பெற வேண்டிய பாடம். நீரின் மேல் நிற்கும் மரத்துக்கு ஓயாத காவல் வேண்டும். ஈரம் புகுந்த மூட்டுகள், துருப்பிடித்த போல்ட்டுகள், தளர்ந்த கட்டுகள் ஆகியவற்றை ஆண்டுதோறும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் மரத்தில் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகும்.

வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தரும் பணியில் இருக்கும் எவரும் திறப்பு விழாவோடு நின்றுவிடக் கூடாது. பத்தாவது ஆண்டில் இதை யார் பார்த்துக்கொள்வார்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். குடியிருக்கப் போகிறவர்களுக்கே பழுதுபார்க்கும் வேலையைக் கற்றுத் தர வேண்டும். கட்டுவதற்குத் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். தரையில் நிற்கும் வீட்டுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.