தங்கவயல் பாறையும் நமது பற்றுக் கணக்கும்

ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்பு உரிமம், எடைக்கல் முத்திரை என்று நமது இதழில் எழுதியதையே திரும்ப எழுதிக் கொண்டிருக்கிறோம். இம்முறை கல்லைப் பற்றி எழுத எண்ணினோம். மளிகை வியாபாரிக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம், பருப்பில் பொறுக்குவதைத் தவிர, என்று சிலர் சிரிக்கலாம். கோலார் தங்கவயலுக்குச் சரக்கு அனுப்பிப் பிழைத்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

வாணியம்பாடியில் நமது மண்டி தந்தையார் காலத்தது. 1980-இல் நாம் கல்லாவில் உட்கார்ந்தபோது, மாதா மாதம் போகும் சரக்கில் பெரும் பங்கு தங்கவயலுக்குத்தான். புளி, மிளகாய், துவரை, கடலை எண்ணெய். ஜோலார்பேட்டை, குப்பம் வழியாகப் பங்காருப்பேட்டை. அங்கிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894-இல் போட்ட கிளை ரயில் பாதை. ஊர் கர்நாடகத்தில் இருந்தாலும் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து போன குடும்பத்தார். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் நம் ஊர்ப் புளிதான் கேட்பார்கள்.

அந்த வியாபாரம் முழுவதும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள ஒரு வெள்ளைக் கல் பட்டையின் மேல் நின்றது என்பது நமக்கு வெகு நாள் தெரியாது. தெரிவித்தவர் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். சம்பந்தி வீட்டுக்கு வாணியம்பாடி வரும்போதெல்லாம் நமது கடையில் உட்காருவார். ஒரு முறை உள்ளங்கை அளவுக்கு ஒரு கல்லைக் கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். வெள்ளைக் கல், நடுவே சாம்பல் நிறக் கோடு, ஓரத்தில் மஞ்சளாய் மின்னும் புள்ளிகள்.

அவர் சொன்னதையும் பிறகு நாம் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் கடலடியில் எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்தது. நீருக்குள் உறையும் குழம்பு தலையணைகளை அடுக்கி வைத்தாற்போல் உருண்டு திரளும். தங்கவயலை அடுத்த பெத்தபள்ளியில் அத்தகைய பழைய எரிமலைப் பாறைகள் வெளியே தெரிகின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறது. அந்தக் குழம்பு பிறகு பூமிக்குள் அமுங்கி, வெந்து, நசுங்கி, கரும்பச்சையான ஆம்பிபோலைட் என்ற பாறையாயிற்று. வடக்குத் தெற்காக ஏறக்குறைய 80 கி.மீ. நீளம், அகலம் சில கி.மீ. மட்டும். இரு பக்கமும் கிரானைட் இனப் பாறைகள். இந்தப் பட்டையின் தெற்கு வால் கிருஷ்ணகிரி மாவட்டத்து மகாராஜகடைப் பக்கம் வரை வருகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பாறை நசுங்கும்போது அதில் வெடிப்புகள் விழுந்தன. ஆழத்திலிருந்து கொதிநீர் அந்த வெடிப்புகளில் ஏறியது. அதில் கரைந்திருந்த மணற்சத்து, சூடு குறையக் குறைய வெள்ளைக் கல்லாகப் படிந்தது. இதைக் குவார்ட்ஸ் என்கிறார்கள். நம் பக்கத்தில் வெங்கச்சங்கல் என்போம். அதோடு கூட வந்த தங்கமும் அதிலேயே தங்கிவிட்டது. இப்படிப் பல பட்டைகள் அங்கே உண்டு. கிழக்கே இருப்பவற்றில் குவார்ட்ஸும் தங்கமும் அதிகம். மேற்கே இருப்பவற்றில் கந்தகம் சேர்ந்த தாதுக்கள் அதிகம். எல்லாவற்றிலும் பெரியது சாம்பியன் ரீஃப். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் சுரங்கங்கள் எல்லாம் இந்த ஒரே பட்டையை ஆளுக்கு ஒரு துண்டாகப் பிடித்துத் தோண்டியவைதான். பட்டை மேற்காகச் சாய்ந்து உள்ளே போகும். போகப் போகச் செங்குத்தாகும். எல்லா இடத்திலும் ஒரே அகலம் இராது. நூலாய் இளைக்கும், திடீரென்று மடிந்து மடிந்து தடிக்கும். தடித்த இடம் கிடைத்த கம்பெனிக்கு யோகம்.

வெள்ளைக்காரர் கண்ட புதையல் இது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. 1802-இல் எல்லை அளக்க வந்த வாரன் என்ற ராணுவ அதிகாரி பார்த்ததே, ஊர் மக்கள் மண்ணைக் கழுவித் தங்கப் பொடி எடுப்பதைத்தான். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு லவெல் என்பவர் 1870-களில் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. முதல் சில ஆண்டுகள் பணம் போனதே தவிரத் தங்கம் வரவில்லை. மூடிவிடும் நிலைக்குப் போய்விட்டார்கள். பிறகுதான் முன்னோர் கை உளியாலும் நெருப்பாலும் பிளந்துவிட்டுப் போன பழைய குழிகளுக்கு அடியிலேயே தோண்டிப் பார்த்தார்கள். சாம்பியன் ரீஃப் அங்கே இருந்தது. நம் பழைய ஆட்கள் தமக்கு எட்டிய ஆழம் வரை எடுத்துவிட்டு, இடத்தைச் சரியாகக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கி.மீ. கம்பி இழுத்து மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரத்துக்கே அதற்குப் பிறகுதான் விளக்கு.

இனி நமக்குப் புரியும் கணக்குக்கு வருவோம். 50 கிலோ மூட்டை 20 சேர்ந்தால் ஒரு டன். ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் தங்கம் இருந்தது. அதாவது 20 மூட்டைக்கு 5 சவரன். மூடும் காலத்தில் டன்னுக்கு 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. 20 மூட்டைக்கு அரைச் சவரன் கூட இல்லை. சுமார் 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 5 கோடி டன் கல்லை உடைத்து 800 டன் தங்கம் எடுத்தார்கள். தங்கம் கனமான பொருள் அல்லவா? அந்த 800 டன்னையும் உருக்கி அடுக்கினால் 12 அடிக்கு 12 அடி அறையில் ஏறக்குறைய 10 அடி உயரத்தில் அடங்கிவிடும். நமது பின்கட்டு மிளகாய்க் குடோன் அதைவிடப் பெரியது.

கல்லில் தங்கம் மட்டும் இல்லை. பைரைட், பிரோடைட், ஆர்சனோபைரைட் என்று இரும்பும் கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்தவை. செம்பு சேர்ந்த சால்கோபைரைட். ஈயம் சேர்ந்த கலீனா. ஷீலைட் என்றொரு தாதுவும் உண்டு. டங்ஸ்டன் அதிலிருந்தும் வருகிறது. சாதாரண வெளிச்சத்தில் ஷீலைட் வெறும் வெள்ளைக் கல். புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாய் ஒளிரும். பைரைட்டைப் பற்றி வியாபாரிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மிளகில் பப்பாளி விதை மாதிரி அது. மஞ்சளாய்த் தங்கம்போல் பளபளக்கும். சுத்தியலால் தட்டினால் தங்கம் தகடாகும், இது தூளாகும். உரைத்தால் தங்கம் மஞ்சள் கோடு போடும். இது கறுப்புக் கோடு போடும்.

தோண்டிய ஆழம் கடைசியில் 3 கி.மீ.-ஐத் தாண்டிவிட்டது, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் சாம்பியன் ரீஃபும் ஒன்று. அடியில் பாறையின் சூடு 65 டிகிரிக்கு மேல். மேலிருந்து குளிர்காற்று அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். அத்தனை பாரம் மேலே அழுத்தும்போது, குடைந்த இடத்துப் பாறை சில வேளை துப்பாக்கி மாதிரி வெடித்துச் சிதறும். பலர் உயிர் போனது அதனால்தான். நாம் ஒரு முறை வசூலுக்குப் போயிருந்தபோது, ஆண்டர்சன்பேட்டைக் கடையில் அலமாரி டப்பாக்கள் கடகடவென்று ஆடின. கடைக்காரர் பொட்டலம் கட்டுவதை நிறுத்தாமல், "உள்ளே வெடிச்சிருக்கு" என்றார். ஆனால் கடையில் நின்ற பெண்கள் வாங்கிய சாமானைப் போட்டது போட்டபடி சுரங்க வாசலுக்கு ஓடினார்கள். குவார்ட்ஸ் தூளை மூச்சில் வாங்கி நெஞ்சு இறுகிப் போனவர்களும் உண்டு. மேஸ்திரிப் பெரியவர் இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்குவார்.

(1965-இல் அதே சாம்பியன் ரீஃபில் 2 கி.மீ.-க்கும் கீழே கருவிகளை வைத்து, வானிலிருந்து வரும் நியூட்ரினோ துகள்களைக் கண்டார்கள். உலகிலேயே அது முதன்முதலில் பதிவானவற்றில் ஒன்று. ஆழம் விஞ்ஞானிக்கு லாபம், கம்பெனிக்கு நஷ்டம்.)

ஆழம் கூடினால் தூக்கும் செலவு, நீர் இறைக்கும் செலவு, குளிர்விக்கும் செலவு எல்லாம் கூடும். கிடைக்கும் தங்கமோ குறையும். 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் எடுத்துக் கொண்டன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆயிற்று. அரசிடம் வந்த பிறகு பல ஆண்டுகள் உள்ளூர்ச் சந்தை விலை கிடைக்காமல், குறைந்த சர்வதேச விலைக்கே தங்கத்தை ஒப்படைத்தார்கள். 2000 வாக்கில் சந்தை விலையே சவரன் 4,000 ரூபாய்க்குள்தான். எந்தக் கணக்குப்பிள்ளை எழுதினாலும் கட்டி வராது.

1999-இல் மேஸ்திரிப் பெரியவர் நமது கடையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். அடுத்த மாதமே தங்கவயல் கடைகளுக்கு இருந்த 60 நாள் தவணையை நிறுத்தி, ரொக்கம் என்று சொல்லிவிட்டோம். ஆண்டர்சன்பேட்டைக்காரர் தந்தையார் காலத்து வாடிக்கை; நம்மைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ரயிலேறி நேரே வந்தார். "தம்பி, மைன்ஸ் மூடினா நான் ஓடிப்போயிடுவேன்னு நினைக்கிறியா?" என்றார். "இல்லண்ணே, எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கேன்" என்றோம். காப்பி கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை செய்த இடம். அன்றைய தேதிக்கு அவரிடம் நமது பழைய பாக்கி 38,000 ரூபாய். அவருடைய சிட்டையில் தொழிலாளர் குடும்பங்களின் பற்று அதைப்போலப் பல மடங்கு. அவர்களிடம் அவர் கேட்கவில்லை; நம்மிடம் மட்டும் மாதம் 500, 1,000 என்று கொண்டு வந்து கட்டி, 2006-இல் கணக்கை நேர் செய்தார். ரொக்கத்துக்கு மாறியது வியாபாரப்படி சரி என்றுதான் இன்றும் சொல்வோம். ஆனால் அந்த ஐந்து வருஷமும் அவர் படி ஏறி வரும்போது நிமிர்ந்து பார்க்க முடிந்ததில்லை. அவர் காலமாகிவிட்டார். கடையும் இல்லை. மகன் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார். அந்த ரயில் முழுக்க அப்படிப்பட்டவர்கள்தான்.

கல்லை அரைத்துச் சயனைடில் ஊற வைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கிறது. ஏறத்தாழ 3.3 கோடி டன் என்கிறார்கள். காற்றடி காலத்தில் அந்தத் தூள் பறந்து அரிசி மூட்டை மேல் படியும். அதில் இன்னும் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் இருக்கிறது. இன்றைய விலைக்கு அதுவும் கட்டுப்படியாகும் என்று, 13 மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. உடனே நம் சங்கத்து நண்பர் ஒருவர், அங்கே மறுபடி கிளை போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். மண்ணை வாரி அரைப்பது இயந்திர வேலை. சில நூறு பேர் போதும். ஆயிரக்கணக்கான அடுப்புகளுக்குச் சாமான் வாங்கிய சம்பளம் அதிலிருந்து வராது.

மேஸ்திரி கொடுத்த கல்லை நமது தெருப் பத்தரிடம் ஒரு முறை கொண்டு போனோம். உரைத்துப் பார்த்தார், கறுப்புக் கோடு விழுந்தது. பெரியவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. கல் இன்னும் நமது கல்லா மேஜையில்தான் இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் பில்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைக்கிறோம்.