வாஷிங் மெஷின் 'உம்'முனு நிக்குதா?



சிப்காட் வேலைக்குப் போய் வந்து, கையால் துவைக்க முடியாமல் செமி ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கியவர்கள் நம் குழுக்களில் உண்டு. மோட்டார் 'உம்'முனு சத்தம் மட்டும் போட்டுச் சுத்தாமல் நின்றால், உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அப்படியே விட்டால் காயில் எரிந்துவிடும்.

1. துணி அதிகமா? பாதியை எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

2. லைட் மங்கலாக எரியுதா? லோ வோல்டேஜ். கரண்ட் சரியான பிறகு போடுங்கள்.

3. இரண்டும் இல்லையா? கெபாசிட்டர் போயிருக்கலாம். மோட்டாரைச் சுற்ற வைப்பது அதுதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தேங்கியிருக்கும். நீங்கள் திறக்காதீர்கள்.

மெக்கானிக் "மோட்டாரே மாத்தணும்" என்றால், "முதல்ல கெபாசிட்டரைப் பாருங்கண்ணே" என்று தைரியமாகக் கேளுங்கள். மோட்டாரைவிட அது விலை ரொம்பக் குறைவு. கேட்டால்தான் நம் சேமிப்பு மிஞ்சும்!