வீடெங்கும் வைஃபை: வற்றிய கிணற்றில் ஏற்றம் வேண்டாம்

சூளகிரி வட்டாரத்தில் ரோஜாச் சாகுபடி செய்யும் அங்கத்தினர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு செலவுக் கணக்கைக் காட்டினார். உரக் கணக்கு அன்று, வைஃபைக் கணக்கு! ரவுட்டர் இருப்பது தெருப்பக்கத்து முன்னறையில். பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் கொட்டகையோ வீட்டின் பின்னால். பெங்களூர் வியாபாரி விடியற்காலையில் அனுப்பும் விலைச் செய்தி அங்கே எட்டுவதில்லை. கைபேசிக் கோபுரத்தின் அலையும் அந்தப் பள்ளத்தில் சரியாகக் கிடைப்பதில்லை. ஆகவே எக்ஸ்டெண்டர் என்னும் கருவியை ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக் கொட்டகையிலேயே மாட்டினார். விளக்கு எரிந்தது, செய்தி வரவில்லை. இனி மாதச் சந்தா கட்டித் தனி இணைப்பே வாங்கிவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

அவரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஒசூரில் நான் குடியிருக்கும் வீட்டிலும் இதே பிழையைச் செய்து பணத்தை வீணாக்கியவன் நான்.

எக்ஸ்டெண்டர் அலையை உற்பத்தி செய்வதில்லை. தன்னிடம் வந்து சேர்ந்ததை மறுபடி அனுப்புகிறது, அவ்வளவே. அலை வந்து சேராத இடத்தில் அதை வைப்பது வற்றிய கிணற்றில் ஏற்றம் பூட்டுவதை ஒக்கும். ரவுட்டருக்கும் கொட்டகைக்கும் நடுவே, அலை இன்னும் திடமாக உள்ள இடத்தில் வைக்க வேண்டும். அலையின் வலிமையைக் கைபேசிச் செயலிகள் எண்ணாகவே காட்டும். மைனஸ் 65 அளவில் இருந்தால் நன்று. மைனஸ் 80ஐத் தாண்டினால் பயனில்லை. இன்னொன்று: ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் மலிவான கருவியில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். ஒரே ஆள் இறைக்கவும் வேண்டும், மடை திருப்பவும் வேண்டும் என்றால் வேறென்ன நடக்கும்?

நமது பகுதியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கருங்கல் சுவரும், தகரக் கூரையும், நீர்த்தொட்டியும் அலைக்குப் பகை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 வேகத்தில் குறைந்தாலும் தூரம் போகும். இந்த 2.4 பட்டையை உரிமமின்றி உபயோகிக்க அரசாங்கம் 2005இல் அனுமதித்தது. எவரும் உபயோகிக்கலாம் என்பதால் நெரிசலும் உண்டு. சிப்காட் தொழிலாளர்கள் வசிக்கும் லைன் வீடுகளில் அறைக்கு ஒரு ரவுட்டர் என்றால் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று கூச்சலிடும். 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே ஒன்றோடொன்று மோதாதவை. அண்டை வீட்டார் எதில் இருக்கிறார் என்று பார்த்து, வேறொன்றைத் தேர்க.

மேலே சொன்ன அங்கத்தினர் வீட்டுப் பரணில், முந்தைய இணைப்பின் ரவுட்டர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. வேறு கம்பெனிக் கருவியாயிற்றே என்று ஒதுக்கியிருந்தார். கம்பி வழியே இணைப்பதற்குக் கம்பெனி ஒரு தடையன்று. பழைய ரவுட்டரில் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வேலையை நிறுத்தினோம், ஒரு வீட்டில் இருவர் முகவரி கொடுத்தால் குழப்பமே மிஞ்சும். முதல் ரவுட்டரின் எண் 192.168.1.1, பழையதற்கு 192.168.1.2 என்று கொடுத்தோம். பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றே. சேனல் மட்டும் வேறு. இரண்டு ரவுட்டர்களிலும் கம்பியை லேன் துளைகளில் செருகினோம். பழையதன் வேன் துளையைத் தொடவில்லை. இத்தகைய கம்பி 100 மீட்டர் வரை தாங்கும்.

பரணில் இருப்பதையெல்லாம் இப்படி உபயோகித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். டபிள்யூ.பி.ஏ.2 என்ற காப்பு முறை இல்லாத மிகப் பழைய கருவியைத் தொடாதீர்கள். வீட்டுக் கதவைத் திறந்து வைத்தது போலாகும். வெட்டவெளியில் போகும் கம்பியைக் குழாய்க்குள் இடுக. இடி மின்னலுக்கு முன்பே இரு முனைகளையும் கழற்றி விடுக. மெஷ் என்ற புதிய ஏற்பாட்டில், நடந்துகொண்டே பேசினாலும் கைபேசி ஒரு கருவியிலிருந்து மறு கருவிக்குத் தடையின்றி மாறும். ஆயினும் பெரும்பாலும் ஒரே கம்பெனியின் கருவிகளையே வாங்க வேண்டியிருக்கும். கொட்டகையில் விலைச் செய்தி பார்ப்பதற்கு அத்தனை செலவு எதற்கு?

அடுத்த வாரம் நான் போனபோது, கட்டுக் கட்டிக்கொண்டே விலையைப் படித்துச் சொன்னார் அவர் மனைவியார். தனி இணைப்பு வாங்கும் யோசனை கைவிடப்பட்டது. ஓர் எக்ஸ்டெண்டர் நடுக்கூடத்துக்கு இடம் மாறி, மாடியறையில் படிக்கும் பையனுக்கு உதவுகிறது. மற்றதை விலைக்கு வாங்க ஆள் உண்டா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.