பழைய காருக்கு குரூஸ் கொன்ட்ரோல்: பொருத்துவதற்கு முன் அறிய வேண்டியவை

சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்கு ஹியூம் நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 880 கிலோமீற்றர் தூரம். 2013இல் ஹோல்புறூக் ஊரைச் சுற்றிச் செல்லும் பாதை திறக்கப்பட்டதோடு வீதி முழுவதும் இரட்டைப் பாதையாகிவிட்டது. கலியாணம், கோயில் திருவிழா, மரணச்சடங்கு என்று எம்மவர்கள் அடிக்கடி ஓடும் வீதி இது. பெரும்பகுதியில் வேக எல்லை மணிக்கு 110 கிலோமீற்றர்.

வீதி நன்றாக இருப்பதே ஒரு சிக்கல். ஒன்பது மணித்தியாலம் ஒரே பெடலை ஒரே அளவில் மிதித்திருக்க எவருடைய காலாலும் முடியாது. கதை சூடு பிடித்தால் வேகமானி 118ஐத் தொட்டுவிடும். மெல்பேர்ணுக்கு வடக்கே இந்த வீதியில், இரண்டு இடங்களுக்கு இடையிலான சராசரி வேகத்தை அளக்கும் கமெராக்கள் பல வருடங்களாக உள்ளன. நியூ சவுத் வேல்ஸில் கனரக வாகனங்களுக்கு மட்டும் இருந்த இந்த முறை, 2025 மே மாதம் கூலாக்கிற்கும் கண்டகாய்க்கும் இடையே கார்களுக்கும் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. கமெராவைக் கண்டதும் பிறேக் பிடிக்கும் பழக்கம் இங்கே உதவாது.

முழுமையான சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளவர் மூன்று வருடங்களுக்குள் விக்ரோறியாவில் 12, நியூ சவுத் வேல்ஸில் 13 தண்டப் புள்ளிகளை எட்டினால் அனுமதிப்பத்திரத்தை இழக்கும் நிலை வரும். விடியப்புறம் பஸ் ஓடாத தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் ஒருவருக்கு, லைசன்ஸ் போவதும் வேலை போவதும் ஒன்றுதான். புதிதாக வந்தவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் பதினைந்து, இருபது வருடப் பழைய கார். அவற்றில் பலவற்றில் குரூஸ் கொன்ட்ரோல் இல்லை. பின்னர் பொருத்த முடியுமா என்றால், முடியும். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வேகத்தைப் பிடித்து வைப்பது இந்தக் கருவிக்குச் சின்ன வேலை. தேவைப்படும் கணத்தில் உடனே விட்டுவிடுவதுதான் பெரிய வேலை.

கண் பார்வையற்றவரின் கண்டுபிடிப்பு

இதைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் டீற்றர் ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். அவரை ஏற்றிச் சென்ற சட்டத்தரணி கதைக்கும்போது காரை மெதுவாக்குவார், கேட்கும்போது வேகமாக்குவார். அந்தக் குலுக்கல் தந்த எரிச்சலில் பிறந்த யோசனைக்கு 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் கிறைஸ்லர் நிறுவனம் முதன்முதலில் அதைப் பொருத்தியது.

மூன்று வகைக் கார்கள்

குரூஸ் கொன்ட்ரோலுக்கு மூன்று விடயங்கள் தேவை: கார் ஓடும் வேகத்தை அறிவது, துரொட்டிலை (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) திறந்து மூடுவது, சாரதியின் கட்டளையை ஏற்பது. உங்கள் காரில் இவற்றில் எது ஏற்கனவே இருக்கிறது என்பதைப் பொறுத்தே செலவும் வேலையும் அமையும்.

முதலாவது வகையில் கணினியும் வயர்களும் தொழிற்சாலையிலேயே தயாராக இருக்கும், சுவிட்ச் மட்டும் இராது. சில டொயோட்டா மாதிரிகள் இப்படியானவை. ஸ்ரேரிங்கில் அந்தச் சுவிட்சைப் பூட்டினால் போதும். ஆனால் அந்த இடத்தில்தான் எயார்பாக்கும் இருக்கிறது. பற்றரியைக் கழற்றி, மின்சாரம் முற்றாக வடியும்வரை காத்திருக்காமல் அங்கே கை வைத்தால் அது முகத்தில் வெடிக்கலாம். காணொளி பார்த்து வீட்டில் செய்யும் வேலையல்ல இது.

இரண்டாவது வகையில் அக்சிலறேற்றர் பெடலிலிருந்து கேபிள் போகாது, மின் சமிக்ஞைதான் போகும். பெடலுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சிறு பெட்டியை இணைத்தால், கால் மிதிப்பதுபோன்ற சமிக்ஞையை அது அனுப்பும்.

மூன்றாவது, கேபிளால் துரொட்டிலை இழுக்கும் பழைய கார்கள். இவற்றுக்கு இன்னொரு கேபிளை இழுக்கும் இயக்கி தேவை. ஒரு வகை எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்கும், மற்றது சிறிய மின்மோட்டரால் இயங்கும். டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் தானாகக் கிடைப்பதில்லை என்பதால் மோட்டர் வகையே வசதி. வேகத்தை அறிய மின் சமிக்ஞை இல்லாத கார்களில், சில்லுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் தண்டில் காந்தம் ஒட்டி, அது சுற்றுவதை அருகில் ஒரு சுருள் எண்ணும்படி செய்வார்கள்.

விடுவிக்கும் வழிகள்

பிறேக்கைத் தொட்ட கணமே குரூஸ் விலக வேண்டும். கைக் கியர் காரில் கிளட்ச் பெடலிலும் ஒரு சுவிட்ச் அவசியம். இல்லையேல் கிளட்ச் மிதித்ததும் எஞ்சின் கட்டுப்பாடின்றி அலறும். கேபிள் வகையில் இன்னொரு ஆபத்து உண்டு. புதிய கேபிள் எங்காவது சிக்கினால் துரொட்டில் மூடாது. இயக்கி விட்டதும் துரொட்டில் தன் ஸ்பிரிங்கால் முழுமையாகத் திரும்புகிறதா என்பதை எஞ்சினை நிறுத்தி வைத்துக் கையாலேயே பார்க்கலாம்.

பழைய வகைப் பெட்டிகள் பலவற்றில் பிறேக் விளக்கின் பல்ப் ஊடாகவே மின்சுற்று முழுமையடைகிறது. பல்ப் எரிந்துபோனால், அல்லது எல்.ஈ.டி.க்கு மாற்றினால், குரூஸ் இயங்க மறுக்கலாம். பிறேக் சமிக்ஞையை நம்ப முடியாதபோது வேலை செய்யாமல் இருப்பதே சரியான நடத்தை. அதைச் சுற்றி வேறு வயர் இழுத்து 'சரிசெய்து' தருகிறேன் என்பவரிடம் காரைக் கொடுக்க வேண்டாம்.

வாகன மின்வேலை தெரிந்தவரிடம் பொருத்தக் கொடுக்கும்போது, என் மாதிரிக்கு வயர் ஏற்கனவே உள்ளதா, பிறேக்குக்கும் கிளட்சுக்கும் தனித்தனிச் சுவிட்ச் வருமா, தனி பியூஸ் உண்டா, வேலைக்கு எழுத்தில் உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள். பிறகு வெறுமையான வீதியில் ஒவ்வொரு விடுவிப்பையும் பலமுறை சோதியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்து வையுங்கள்.

அது செய்யாதவை

பின்னர் பொருத்தும் சாதாரண குரூஸ், முன்னால் போகும் வாகனத்தைக் காணாது. பிறேக்கும் பிடிக்காது. நீண்ட இறக்கத்தில் கார் 110ஐத் தாண்டினால் தண்டம் உங்களுக்கே. மழையில் சில்லு வழுக்கும்போதும் அது வேகத்தைக் காக்கவே முயலும் என்பதால், ஈரவீதியில் நிறுத்திவிட வேண்டும். மாலை மங்கி கங்காருக்கள் வீதிக்கு வரும் நேரத்திலும் அப்படியே: 110இல் ஒவ்வொரு செக்கனும் கார் 30 மீற்றர் ஓடுகிறது. நித்திரைக்கும் அது மருந்தல்ல. காலுக்கு வேலை இல்லாதபோது கண் இன்னும் விரைவாகச் சொருகும், ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும்.

பழைய காரில் பணம் போடுவதானால் முதலில் ரயர், அடுத்தது பிறேக். அவை நல்ல நிலையில் இருந்து, மாதத்தில் ஒருமுறையாவது தூரப் பயணம் இருந்தால் குரூஸ் பயன் தரும். நகருக்குள் மட்டும் ஓடும் காருக்கு அது தேவையே இல்லை.