வேகமாக ஓடினால் மின்சாரக் காரின் பற்றரி ஏன் சீக்கிரம் இறங்குகிறது?

பாலையூற்றில் இருந்து கந்தளாய்ப் பக்கம் மின்சாரக் காரை எடுக்கிறீர்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் போனால் பற்றரி மெல்ல இறங்கும். விரட்டினால் மளமளவென்று இறங்கிவிடும். தூரம் ஒன்றுதானே, பிறகு ஏன்?

நிலாவெளிக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து பாருங்கள். மெல்ல நடந்தால் தண்ணீர் வழிவிடும். ஓடப் பார்த்தால் சுவர்போல மறிக்கும்.

காற்றும் அப்படித்தான். வேகம் இரு மடங்கானால், ஒவ்வொரு நொடியும் காரில் மோதும் காற்று இரு மடங்கு. அதைத் தள்ளிவிடும் வேகமும் இரு மடங்கு. இரண்டையும் பெருக்குங்கள்: எதிர்ப்பு நான்கு மடங்கு!

பெற்றோல் காருக்கும் இதே காற்றுத்தானே? ஆம். ஆனால் அதன் எஞ்சின் எரிபொருளின் பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்குகிறது. அந்தப் பெரிய நட்டத்துக்குள் காற்று பிடுங்குவது மறைந்துவிடும். மின்மோட்டார் வீணாக்குவது கொஞ்சம். அதனால் காற்றின் களவு பளிச்சென்று தெரிகிறது.

நகரத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் கொஞ்ச மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பிக் கொடுக்கும். நெடுஞ்சாலையில் காற்றுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான்.

அப்படியானால் ஊர்ந்தே போகலாமா? அதுவும் சரியில்லை. ஏசி நேரக்கணக்கில் மின்சாரம் குடிக்கும். பயணம் நீண்டால் அந்தச் செலவு ஏறும்.

இலங்கைக்கு வந்த ஆரம்பகால நிசான் லீஃப் கார்களின் பற்றரி 24 அலகு மின்சாரமே கொள்ளும். இவ்வளவு சின்னப் பணப்பையோடு நெடும்பயணம் போகிறவருக்கு, நிதானமான சீரான வேகமே கைகாவல்.