சக்கரங்களின்மேல் ஒரு வீடு
பழைய இழுவை வண்டிகளைப் புதுப்பிக்கும் முறை

நெடுவழி செல்வோருக்கு இராப்பொழுதில் தங்க ஓர் இடம் வேண்டும். முற்காலத்தில் அதற்குச் சத்திரங்கள் இருந்தன. மோட்டார் வண்டி பெருகிய பின்னர், தங்கும் இடத்தையே வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வழக்கம் அமெரிக்க நாட்டில் தோன்றிற்று. சக்கரங்களின்மேல் அமைந்த அச்சிறு வீட்டை அந்நாட்டார் 'டிராவல் டிரெய்லர்' என்பர். இழுவை வீடு என்று தமிழில் கூறலாம். அதற்குத் தனியாக இயந்திரம் கிடையாது. முன்னே செல்லும் வண்டியே அதனை இழுக்க வேண்டும்.

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட இழுவை வீடுகளைத் தேடி வாங்கிச் செப்பனிட்டு, மின்கம்பியும் நீர்க்குழாயும் எட்டாத பாலைநிலங்களுக்கும் மலைக்காடுகளுக்கும் கொண்டு சென்று தங்குவோர் அந்நாட்டில் பலர். புதிய வண்டிகள் எளிதிற் கிடைக்கும்போது பழையதை ஏன் நாடுகின்றனர்? அதனை எங்ஙனம் சீர்செய்கின்றனர்? இவ்வினாக்களுக்கு விடை காண, 'ஏர்ஸ்ட்ரீம்' எனப் பெயர் பெற்ற அலுமினிய வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

விமானம் தந்த வடிவம்

ஹாலி பவுலஸ் என்பவர் இயந்திரமின்றிப் பறக்கும் மிதவை விமானங்களைக் கட்டுவதில் வல்லவர். 1927-ல் சார்லஸ் லிண்ட்பர்க் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே கடந்த விமானத்தைக் கட்டிய ரையன் நிறுவனத்தில் பணி செய்தவர். விமானம் கட்டும் முறையிலேயே 1934-ல் அவர் ஓர் இழுவை வீட்டைச் செய்தார். மெல்லிய அலுமினியத் தகடுகளை வளைத்து, ரிவெட் ஆணிகளால் ஒன்றோடொன்று பிணைத்து, முட்டையின் ஓடுபோல் ஒரு கூட்டை அமைத்தார். அவருடைய முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அவ்வடிவத்தைத் தழுவி வாலி பயம் என்பவர் 1936-ல் வெளியிட்ட 'கிளிப்பர்' என்னும் வண்டியே நிலைத்துப் புகழ் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது அலுமினியம் விமானங்களுக்கே தேவைப்பட்டமையால் தொழில் நின்றது. போருக்குப் பின் மீண்டும் தொடங்கி, 1952-ல் ஒகையோ மாநிலத்து ஜாக்சன் சென்டரிலும் ஆலை நிறுவப்பட்டது.

1959-ல் பயம் ஒரு பெரும் வண்டிக் கூட்டத்தைத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து எகிப்தின் கெய்ரோ நகருக்கு நடத்திச் சென்றார். 1969-ல் நிலவினின்று திரும்பிய மூன்று வீரர்களைத் தனிமையில் வைத்துக் காக்கப் பயன்பட்ட அறையும், இவ்வகை வண்டியொன்றைத் திருத்தி அமைத்ததே ஆகும்.

முட்டையோடு மெல்லியது, எனினும் அதன் வளைவினால் வலிமை பெறுகிறது. இவ்வண்டியின் வலிமையும் அத்தகையதே. மரச்சட்டங்களால் ஆன அக்காலத்து வண்டிகள் பல மக்கி மறைந்துவிட்டன. அலுமினியக் கூடுகள் எஞ்சி நிற்கின்றன. பழைய வண்டியை நாடுவோர் விரும்புவது இந்தக் கூட்டையே.

பளபளப்பின் அடியில் நோய்

கூடு நன்றாக இருப்பதைக் கண்டு வண்டியே நன்றாக இருப்பதாக எண்ணுவது பெரும் பிழை. அடியில் இரும்புச் சட்டகம், அதன்மேல் ஒட்டுப்பலகைத் தரை, தரையின் விளிம்பின்மேல் அலுமினியக் கூடு என்பதே இதன் அமைப்பு. மூன்றும் இறுகப் பிணைந்திருந்தால்தான் வண்டி ஓருடலாக இயங்கும். சன்னல், கூரைத் துளை, பின்புற விளிம்பு ஆகியவற்றின் வழியே ஆண்டுக்கணக்கில் கசிந்த மழைநீர், உட்தகட்டுக்கும் புறத்தகட்டுக்கும் இடையே இறங்கித் தரையின் விளிம்பை ஊறவைக்கின்றது. கண்ணுக்குத் தெரியாமலே பலகை மக்குகிறது, ஆணி பிடிமானம் இழக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. முடிவில் வண்டியின் பின்பகுதியில் கூடு சட்டகத்தை விட்டுப் பிரிகின்றது.

இதனை அறிய எளிய சோதனை உண்டு. பின்புறத்து இரும்புத் தாங்கியின்மேல் ஒருவர் ஏறி நின்று மெல்ல அசைய வேண்டும். தாங்கி மட்டும் இறங்கிக் கூடு அசையாதிருந்தால், இரண்டும் பிரிந்துவிட்டன என்பது தெளிவு. தரையின் ஓரங்களைக் கூரிய கருவியால் குத்திப் பார்த்தலும் வேண்டும். கருவி எளிதில் உள்ளே செல்லுமிடம் மக்கிய இடமாகும்.

மற்றொரு தீங்கு எலிகளால் வருவது. நெடுநாள் கிடந்த வண்டியின் இரட்டைச் சுவர்களுக்கு இடையே அவை கூடு கட்டுகின்றன. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஒருவகைக் காட்டெலியின் எச்சத்திலிருந்து ஹன்டா நச்சுயிரி மனிதரைத் தொற்றுவது 1993-ல் கண்டறியப்பட்டது. நுரையீரலைத் தாக்கி உயிரைப் பறிக்கவல்ல நோய் அது. ஆதலின் எலி எச்சத்தை உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்கலாகாது. கதவு சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் செய்து, கிருமிநாசினியால் நன்கு நனைத்த பின்னரே, கையுறையும் தக்க முகக்கவசமும் அணிந்து அகற்றல் வேண்டும். பழைய தரை ஓடுகளில் கல்நாரும், பழைய வண்ணப்பூச்சில் ஈயமும் இருத்தல் கூடும். அவற்றைச் சோதித்தறியாமல் தேய்ப்பதும் உடைப்பதும் தீது.

வேலையின் வரிசை

புதுப்பிப்போர் பலர் முதலில் செய்வது புறத்தகட்டைத் தேய்த்து மெருகேற்றுவது. உண்மையில் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முறைப்படி செய்வோர் கீழிருந்து மேலே செல்வர். தரை முழுதும் கெட்டிருந்தால் உட்பொருள்களை அகற்றி, கூட்டைச் சட்டகத்தினின்று கழற்றி உயரே தூக்கி நிறுத்துவர். பின்னர்ச் சட்டகத்தின் துருவைச் சுரண்டி, அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதிய எஃகு வைத்துப் பற்றவைப்பர்.

அடுத்தது அச்சு. 1961 முதல் இவ்வண்டிகளில் இரும்பு வில்லுக்கு மாற்றாக, அச்சுக் குழாயினுள் இரப்பர்த் தண்டுகளை வைத்து அதிர்ச்சியைத் தாங்கச் செய்தனர். இரப்பர் காலத்தால் இறுகிவிடும். அதன் பின் சாலையின் ஒவ்வோர் அதிர்ச்சியும் கூட்டிலுள்ள ரிவெட் ஆணிகளைத் தாக்கும். அறுபதாண்டுப் பழமையுள்ள அச்சினை மாற்றுவதே நன்று. மின்காந்தத்தால் இயங்கும் தடைகளையும் அப்போதே புதுப்பிக்கலாம். சக்கர இரப்பரை அதன் தேய்மானத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது; ஓடாமல் நின்றாலும் அது முதுமை அடையும்.

அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால், ஒரு சிறு மின்கலத்தில் நிகழ்வது போன்ற வேதிமாற்றம் நிகழ்ந்து அலுமினியம் அரிக்கப்படும். எனவே அவை கூடுமிடத்தில் ஈரம் ஊறாத தடுப்பு ஒன்றை இடுவர். புதிய தரையின் விளிம்புகளுக்கு நீர் புகாப் பூச்சிட்டு, கூட்டை இறக்கிப் பிணைத்த பின், வெளியே குழாய்நீரைப் பாய்ச்சி உள்ளே கசிவு தேடுவர். ஒரு துளிக் கசிவும் இல்லை என்று உறுதியான பின்னரே மின்கம்பியும், வெப்பத்தைத் தடுக்கும் பொருளும், உட்தகடும் இடம் பெறும். இவ்வரிசை மாறினால், முடித்த வேலையை மீண்டும் பிரிக்க நேரிடும்.

எடை என்னும் கணக்கு

உள்ளே என்ன வைப்பது என்பது ஆசையைப் பொறுத்தது. எங்கே வைப்பது என்பது இயற்பியலைப் பொறுத்தது. வண்டியின் முழு எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்கொக்கியின்மேல் இறங்க வேண்டும். பின்புறம் கனத்துப்போனால், வேகமாகச் செல்லும்போது இழுவை வீடு பாம்புபோல் வளைந்து ஆடத் தொடங்கும். அவ்வாட்டம் மிகுந்தால் இழுக்கும் வண்டியையும் கவிழ்த்துவிடும். பின்கோடியில் நீர்த்தொட்டியோ மின்கலமோ வைக்க எண்ணுவோர் இதனை மறத்தலாகாது. கனமான பொருள்களை அச்சுக்கு அருகிலும், தாழ்வாகவும், இருபுறமும் ஒத்தும் வைத்தல் வேண்டும். வேலை முடிந்தபின் எடைமேடையில் நிறுத்திப் பார்த்தலே உறுதியான வழி.

ஒளியினின்று மின்சாரம்

பழைய வண்டியில் சில விளக்குகளுக்கு மட்டும் ஒரு மின்கலம் இருக்கும். மற்றவற்றுக்கு முகாமிலுள்ள மின்கம்பியை நம்ப வேண்டும். கம்பி இல்லாத இடத்தில் தங்க விரும்புவோர், சூரியத் தகடு வாங்குமுன் ஒருநாள் செலவைக் கணக்கிட வேண்டும். சிறு குளிர்ப்பெட்டிக்கு நாளொன்றுக்கு 500 வாட்-மணி, காற்றாடிக்கு 100, விளக்குகளுக்கு 50, நீரேற்றும் கருவிக்கு 20, கைப்பேசிக்கும் கணினிக்கும் 180 எனக் கொண்டால் மொத்தம் 850 வாட்-மணி ஆகும்.

100 வாட் சூரியத் தகடு தெளிந்த வெயிலில் நாள் முழுதும் ஏறத்தாழ 300 முதல் 400 வாட்-மணி தரும். எனவே 300 வாட் தகடு கணக்குக்குப் போதும். மேகத்தையும் குளிர்காலத்துச் சாய்ந்த வெயிலையும் கருதி 400 வாட் வைத்தல் அறிவுடைமை. வளைந்த கூரையில் இடம் குறைவு. மேலும், வெப்பத்துக்கு அஞ்சி வண்டியை மரநிழலில் நிறுத்தினால் கூரைத் தகடு பயன் தராது. இம்முரண்பாட்டைத் தீர்க்க, தகட்டின் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வெயிலில் வைக்கத்தக்கதாக அமைப்பர்.

மின்கலத்தில் இருவகை உண்டு. பழைய ஈய அமில மின்கலத்தைப் பாதிக்குமேல் அடிக்கடி வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் தன் கொள்ளளவில் பெரும்பகுதியைத் தரும். எடையும் பாதிக்குக் குறைவு. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றலாகாது. 12 வோல்ட்டு, 200 ஆம்பியர்-மணி அளவுள்ள லித்தியம் மின்கலம், மேற்சொன்ன செலவுக்கு வெயிலே இல்லாவிடினும் இரண்டரை நாளுக்குமேல் தாங்கும். அதே மின்கலம் 1,500 வாட் குளிர்சாதனத்தை இரண்டு மணி நேரங்கூட ஓட்டாது. சூரியத் தகட்டை நம்பித் தங்குவோர் குளிர்ந்த மலைகளைக் கோடையிலும் பாலையைக் குளிர்காலத்திலும் நாடுவதன் காரணம் இதுவே.

கம்பியின் பருமனும் கவனிக்கத்தக்கது. 600 வாட் ஆற்றலை 120 வோல்ட்டில் செலுத்த 5 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டிலோ 50 ஆம்பியர் வேண்டும். மெல்லிய கம்பி அதனைத் தாங்காது சூடேறித் தீப்பற்றும். ஆதலின் பருத்த கம்பியும், மின்கலத்தின் அருகிலேயே காப்பு உருகியும் இன்றியமையாதவை.

நீரே எல்லை வகுப்பது

மின்சாரத்தை வெயில் நாள்தோறும் தருகிறது. நீரை அது தருவதில்லை. இருவர் சிக்கனமாக நாளுக்கு 15 லிட்டர் செலவிட்டால், 150 லிட்டர்த் தொட்டி பத்து நாள் வரும். அதன் எடை 150 கிலோ. பெரிய தொட்டி வேண்டுமெனில் மற்றோர் எடையைக் குறைக்க வேண்டும்.

கழிவுநீரும் அதே அளவு கருத்துக்குரியது. 1950, 60-களில் செய்த வண்டிகள் பலவற்றில், குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் சேர்த்துவைக்கத் தொட்டி இல்லை. இன்று அந்நீரை நிலத்தில் விடுவது பல இடங்களில் தடுக்கப்பட்டுள்ளது. எனவே சட்டகத்தின் இடைவெளியில் புதிய தொட்டி பொருத்துவர். சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பிடம் வைத்து நீரை மிச்சப்படுத்துவோரும் உளர். அமெரிக்க மேற்குப் பகுதியில் நடுவணரசின் பொதுநிலங்களில், பெரும்பாலும் 28 நாள் கால அளவில் 14 நாள் வரை ஓரிடத்தில் தங்க இசைவு உண்டு. தொட்டி நிரம்புவதே பலரை அதற்கு முன் கிளம்பச் செய்கிறது.

மூடிய கூட்டினுள் தீ

சமையலுக்கும் குளிர் காய்வதற்கும் புரொப்பேன் வாயு பயன்படுகிறது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். ஆகவே கசிவறியும் கருவியைத் தாழ்வாக வைக்க வேண்டும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகும். புகைபோக்கி இல்லாத அடுப்பில் எரித்தால், அந்நீராவி குளிர்ந்த அலுமினியத்தில் படிந்து, அரும்பாடுபட்டு இட்ட தரையையே மீண்டும் நனைக்கும். காற்றுக் குறைந்து எரியும்போது கார்பன் மோனாக்சைடும் பிறக்கும். அதற்கு நிறமும் மணமும் இல்லை; உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். மழைக்கசிவை அடைப்பதில் கருத்தாக இருப்போர், காற்று வரும் வழியையும் அடைத்துவிடலாகாது. கூரையில் ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு, நச்சுவாயுவை அறிவிக்கும் கருவி, தீயணைப்பான், கதவு தடைப்பட்டால் வெளியேற ஒரு சன்னல் ஆகிய ஐந்தும் வேண்டும்.

காப்பதும் கழிப்பதும்

பழையதைப் பழையபடியே வைப்பதா, காலத்திற்கேற்ப மாற்றுவதா என்பதில் இவ்வண்டிகளை விரும்புவோரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. ஒரு சாரார் பழைய அடுப்பின் குமிழைக்கூட மாற்ற ஒப்பார். மற்றொரு சாரார் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு அனைத்தையும் எறிவர். இரண்டிற்கும் இடைப்பட்ட வழி உண்டு. கண்ணுக்குத் தோன்றும் கூடு, வளைந்த சன்னல், மரப் பெட்டகம் ஆகியவை அக்காலக் கைத்திறனின் சான்று. ஒருமுறை அழித்தால் மீளா. அவற்றைக் காக்கலாம். கண்ணுக்குத் தோன்றாத அச்சு, தடை, கம்பி, வாயுக்குழாய் ஆகியவை உயிரைக் காப்பவை. அவற்றில் பழமைக்கு மதிப்பில்லை. புதிதாகச் சேர்ப்பவற்றையும், கூட்டில் புதுத்துளை இடாமல், பின்வருவோர் கழற்றத்தக்க வண்ணம் பொருத்துதல் சிறப்பு.

வேலை முடிந்தவுடன் நெடும்பயணம் புறப்படுவது தகாது. முதல் ஐம்பது, அறுபது மைல் ஓடியதும் நிறுத்திச் சக்கர மரைகளை இறுக்கிப் பார்த்தல் வேண்டும். பின்னர் வீட்டுக்கு அருகிலேயே மூன்று நாள், வெளியிலிருந்து மின்சாரமும் நீரும் பெறாமல் தங்க வேண்டும். முதல் மழை கசிவைக் காட்டும். முதல் இரவு குளிரைக் காட்டும். மூன்றாம் நாள் மின்கலமும் தொட்டியும் தம் கணக்கைக் காட்டும். அக்குறைகளைத் தீர்த்த பின்னர்த் தொலைவிலுள்ள பாலைக்கு அவ்வண்டியை நம்பிக் கொண்டு செல்லலாம்.