பிளாக்பெர்ரி காப்ளர்

பிளாக்பெர்ரி காப்ளர் என்பது பிளாக்பெர்ரிப் பழங்களைச் சர்க்கரையுடன் கலந்து ஆழமான பாத்திரத்தில் பரப்பி, அவற்றின் மேல் மென்மையான மாவை இட்டு, ஓவனில் சுட்டு எடுக்கப்படும் ஓர் இனிப்பு உணவு ஆகும். இது ஐக்கிய அமெரிக்காவின், குறிப்பாக அதன் தென் மாநிலங்களின், வீட்டுச் சமையலைச் சேர்ந்தது. கோடைகாலத்தில் பழம் மிகுதியாகக் கிடைக்கும்போது செய்யப்பட்டு, இளஞ்சூடாக வனிலா ஐஸ்கிரீமுடன் பரிமாறப்படுகிறது.

காப்ளர் எளிய உணவாகவே கருதப்படுகிறது. பை எனப்படும் உணவுக்குத் தேவைப்படுவது போல, மாவை மெல்லிய தகடாகத் தேய்த்து விரிக்கும் பயிற்சி இதற்குத் தேவையில்லை. எனினும் சாறு மிகுந்த பழமும் ஈரமான மாவும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் வேக வேண்டியிருப்பதால், அடிப்பகுதி வேகாத மாவும் நீர்த்துப்போன பழச்சாறும் இவ்வுணவில் அடிக்கடி ஏற்படும் குறைகளாகும். இதன் செய்முறையில் உள்ள பெரும்பாலான படிகள் இவ்விரு குறைகளையும் தவிர்ப்பதற்காகவே அமைந்தவை.

பெயர்

காப்ளர் என்னும் ஆங்கிலச் சொல் செருப்புத் தைப்பவரையும் குறிக்கும். உணவுக்கு இப்பெயர் வந்தமைக்கு இரண்டு விளக்கங்கள் கூறப்படுகின்றன. கரண்டியால் இடப்பட்ட மாவுருண்டைகள் வெந்தபின், உருண்டைக் கற்கள் பாவிய பழைய தெருவைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது என்பது ஒன்று. கிடைத்த பொருட்களைக் கொண்டு அவசரமாக ஒன்றுசேர்த்தல் என்ற பொருளுடைய வினைச்சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. இவற்றுள் எதுவும் முடிவாக நிறுவப்படவில்லை.

வரலாறு

வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் தம் நாட்டுப் பைகளையும் புட்டிங்குகளையும் செய்யும் வழக்கத்தைத் தம்முடன் கொண்டு சென்றனர். ஆனால் பல குடியிருப்புகளில் சுடுவதற்கு ஏற்ற செங்கல் அடுப்புகள் இருக்கவில்லை. டச்சு அடுப்பு எனப்படும் கனமான வார்ப்பிரும்புச் சட்டியே பயன்பட்டது. அதைத் தணல் மேல் வைத்து, மூடியின் மேலும் தணலைப் பரப்பினால், உள்ளே இருப்பது இருபுறமும் வெப்பம் பெற்று வேகும். பழத்தையும் மாவையும் ஒரே சட்டியில் இட்டுச் சுடும் முறை இச்சூழலுக்குப் பொருத்தமாக இருந்தது.

1839ஆம் ஆண்டு வெளிவந்த தி கென்டக்கி ஹவுஸ்வைஃப் என்ற சமையல் நூலில், லெட்டிஸ் பிரையன் பீச் பழத்தைக் கொண்டு சட்டியில் செய்யும் பை ஒன்றை விவரித்து, அது காப்ளர் என்றும் அழைக்கப்படுவதாகக் குறிப்பிடுகிறார். விருந்தினருக்குப் படைக்கத்தக்க நாகரிக உணவு அன்று எனினும், குடும்பத்தினர் உண்பதற்கு மிகச் சிறந்தது என்பது அவர் கருத்து. 1859இல் வெளிவந்த ஜான் ரசல் பார்ட்லெட்டின் அமெரிக்க வழக்குச் சொல் அகராதிப் பதிப்பும் இச்சொல்லைத் தருகிறது. அதன்படி காப்ளர் என்பது தடித்த மாவால் உட்புறம் மூடப்பட்ட சட்டியில் பழத்தை இட்டுச் சுடுவதாகும். எனவே அக்காலக் காப்ளருக்கு அடியிலும் மாவு இருந்தது. மேற்புறம் மட்டும் மாவு கொண்ட வடிவமே இன்று பரவலாக உள்ளது.

இம்மாற்றத்துக்கு வேதியியல் முறையில் மாவை உப்பச் செய்யும் பொருட்கள் துணைபுரிந்தன. 1796இல் வெளிவந்த அமீலியா சிம்மன்சின் அமெரிக்கன் குக்கரி நூலிலேயே, மரச்சாம்பலிலிருந்து பெறப்படும் பொட்டாசியம் கார்பனேட்டு மாவை உப்பச் செய்யப் பயன்படுத்தப்பட்டுள்ளது. பின்னர் சமையல் சோடா பரவியது. 1856இல் எபன் ஹார்ஸ்ஃபோர்டு கால்சியம் அமில பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இது பேக்கிங் பவுடர் தயாரிப்பில் பயன்பட்டது. இவற்றால் ஈஸ்ட் சேர்த்து மணிக்கணக்கில் காத்திராமல், பிசைந்த உடனே சுடத்தக்க மாவு கிடைத்தது.

பிளாக்பெர்ரி

பிளாக்பெர்ரி ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்த ரூபஸ் பேரினத்தின் பழமாகும். தமிழகத்தில் கிடைக்கும் நாவற்பழமும் முசுக்கட்டைப் பழமும் கருநிறம் உடையவையாயினும், அவை வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ரூபஸ் பேரினத்தின் வேறு சில இனங்கள் நீலகிரி, பழனி மலைப்பகுதிகளில் காட்டுச் செடிகளாக வளர்கின்றன.

பெயரில் பெர்ரி என இருந்தாலும் தாவரவியலின்படி இது பெர்ரி அன்று. தனித்தனியே விதை கொண்ட பல சிறு பழங்கள் சேர்ந்த திரள்கனி ஆகும். ராஸ்பெர்ரியைப் பறிக்கும்போது அதன் நடுத்தண்டு செடியிலேயே தங்கிவிடுவதால் பழத்தின் உள்ளே குழி ஏற்படும். பிளாக்பெர்ரியில் நடுத்தண்டும் பழத்தோடு வந்துவிடுகிறது. பறித்த பின் இப்பழம் மேலும் இனிப்பாவதில்லை. ஆகவே முற்றிலும் கருத்து, பளபளப்பு சற்றுக் குறைந்து, தொட்டவுடன் எளிதில் கழன்று வரும் பழங்களே சமையலுக்கு ஏற்றவை.

ஐக்கிய அமெரிக்காவில் பதப்படுத்தலுக்கான பிளாக்பெர்ரி உற்பத்தியில் ஒரிகன் மாநிலம் முதலிடம் வகிக்கிறது. அங்கு உருவாக்கப்பட்டு 1956இல் வெளியிடப்பட்ட மேரியன் வகை அதன் மணத்துக்குப் பெயர்பெற்றது. ஆர்கன்சா பல்கலைக்கழகம் நவஹோ போன்ற முள்ளற்ற வகைகளை உருவாக்கியுள்ளது. காட்டுச் செடிகளிலிருந்து பழம் பறிக்கும் வழக்கமும் உள்ளது. சாலையோரச் செடிகளின் மீது களைக்கொல்லி தெளிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அத்தகைய இடங்களில் பறிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

தேவையான பொருட்கள்

கீழ்க்காணும் அளவு ஏறத்தாழ 23 செ.மீ. அகலமுள்ள சதுரப் பாத்திரத்துக்கு உரியது. எட்டுப் பேருக்குப் போதுமானது.

பழக் கலவைக்கு:
- பிளாக்பெர்ரி: 900 கிராம்
- சர்க்கரை: 150 கிராம்
- கார்ன் ஃபிளவர் எனப்படும் வெண்ணிறச் சோள மாவுச்சத்து: 3 மேசைக்கரண்டி
- எலுமிச்சைச் சாறு: 1 மேசைக்கரண்டி
- உப்பு: ஒரு சிட்டிகை

மேல்மாவுக்கு:
- மைதா மாவு: 190 கிராம்
- சர்க்கரை: 50 கிராம்
- பேக்கிங் பவுடர்: 2 தேக்கரண்டி
- சமையல் சோடா: கால் தேக்கரண்டி
- உப்பு: அரைத் தேக்கரண்டி
- குளிர்ந்த வெண்ணெய்: 85 கிராம்
- கெட்டியான மோர்: 160 மி.லி.

செய்முறை

1. ஓவனை 190 பாகை செல்சியசுக்குச் சூடாக்க வேண்டும். பழங்களைச் சமைப்பதற்குச் சற்று முன்னர் மட்டுமே கழுவி, நீரை நன்கு வடிக்க வேண்டும்.
2. சர்க்கரை, சோள மாவுச்சத்து, உப்பு ஆகியவற்றை முதலில் உலர்ந்த நிலையில் ஒன்றாகக் கலக்க வேண்டும். பின்னர் பழங்களையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்து, பழம் நசுங்காமல் புரட்டிப் பாத்திரத்தில் பரப்ப வேண்டும்.
3. மாவு இடாமல், பழக் கலவையை மட்டும் ஓவனில் 15 நிமிடம் வைக்க வேண்டும்.
4. அந்நேரத்தில் மேல்மாவின் உலர்ந்த பொருட்களைக் கலந்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிச் சேர்த்து, பட்டாணி அளவுத் துணுக்குகளாகும் வரை விரல் நுனிகளால் உதிர்க்க வேண்டும்.
5. பழம் ஓவனிலிருந்து வெளிவரும் வேளையில் மோரை ஊற்றி, உலர்ந்த மாவு மறையும் வரை மட்டும் கிளற வேண்டும். மாவு கட்டியாகவும் ஒட்டும் பதத்திலும் இருக்கும்.
6. சூடான பழத்தின் மேல் எட்டு அல்லது ஒன்பது குவியல்களாக, இடைவெளி விட்டு மாவை வைக்க வேண்டும்.
7. மேற்புறம் பொன்னிறமாகி, பாத்திரத்தின் நடுவிலும் சாறு கொதித்துக் குமிழியிடும் வரை 25 முதல் 35 நிமிடம் சுட வேண்டும்.
8. வெளியே எடுத்து அரை மணி நேரம் ஆறவிட்டுப் பரிமாறலாம். கொதித்த சர்க்கரைச் சாறு கடுமையாகச் சுடும் என்பதால், எடுத்த உடனே உண்ணக் கூடாது.

செய்முறையின் அறிவியல்

பழத்தை முதலில் தனியே சூடாக்குவதே இம்முறையின் முக்கியப் படியாகும். மேல்மாவின் மேற்புறம் ஓவனின் சூடான காற்றால் வேகிறது. அடிப்புறமோ பழத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அதன் வெப்பத்தாலும் ஆவியாலுமே வேக வேண்டும். குளிர்ந்த பழத்தின் மேல் மாவை வைத்தால், பழம் சூடாவதற்குள் மேற்புறம் சிவந்துவிடும். அடிப்புறம் பச்சையாகவே நின்றுவிடும். மாவுக் குவியல்களுக்கிடையே விடப்படும் இடைவெளி வழியாக ஆவி வெளியேறுகிறது. மாவு வெந்ததா என்பதை ஒரு குவியலைப் பிளந்து பார்த்து அறியலாம். வெப்பமானி இருப்பின் குவியலின் நடுவில் சுமார் 93 பாகை செல்சியசு இருக்க வேண்டும்.

சாறு கெட்டியாவதற்குக் காரணம் மாவுச்சத்து ஆகும். அதன் மணிகள் சூடான நீரை உறிஞ்சி வீங்கிச் சாற்றைக் கெட்டியாக்குகின்றன. சோள மாவுச்சத்து முழுமையாகப் பயன்தரக் கொதிநிலைக்கு நெருங்கிய வெப்பம் தேவை. பாத்திரத்தின் ஓரம் முதலில் கொதித்துவிடுவதால் அதைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. நடுப்பகுதி குமிழியிட வேண்டும். சாறு ஆறும்போது மேலும் இறுகும். எனவே ஆறவிடும் அரை மணி நேரமும் செய்முறையின் ஒரு பகுதியே.

மாவை அதிகம் பிசைந்தால் கோதுமைப் புரதங்கள் இணைந்து குளூட்டென் வலையாகி, மேல்மாவு கடினமாகும். அளவாகக் கிளறச் சொல்வது இதனாலேயே. மோரிலுள்ள அமிலம் சமையல் சோடாவுடன் வினைபுரிந்து கரியமில வாயுவை உண்டாக்குகிறது. ஈரம் பட்டவுடனே இவ்வினை தொடங்குவதால், கலந்த மாவைக் காக்க வைக்காமல் சுட வேண்டும்.

பழத்தின் கருஞ்சிவப்பு நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளால் ஏற்படுகிறது. இவை அமிலத்தில் சிவந்தும் காரத்தில் நீலமாகியும் காணப்படும். சமையல் சோடா அளவுக்கு மீறினால், மாவும் பழமும் சேரும் இடத்தில் நீலம் அல்லது பச்சை கலந்த நிறம் தோன்றலாம். இது கெட்டுப்போனதற்கான அறிகுறி அன்று.

உறைந்த பழங்கள்

பருவமல்லாத காலத்தில் உறைய வைத்த பழங்களையும் பயன்படுத்தலாம். உறையும்போது உருவாகும் பனிப் படிகங்கள் பழத்தின் செல்களைக் கிழித்துவிடுவதால், சூடானதும் அதிகச் சாறு வெளிவரும். எனவே மாவுச்சத்தை ஒரு மேசைக்கரண்டி கூட்டி, பழத்தைத் தனியே சூடாக்கும் நேரத்தையும் சாறு கொதிக்கத் தொடங்கும் வரை நீட்டிக்க வேண்டும்.

வகைகள்

மேலே விவரிக்கப்பட்டது பிஸ்கட் வகைக் காப்ளர் ஆகும். அமெரிக்க வழக்கில் பிஸ்கட் என்பது மொறுமொறுப்பான தின்பண்டம் அன்று. ஸ்கோனை ஒத்த மென்மையான சிறு ரொட்டியாகும். தென் மாநிலங்களில் மற்றொரு முறையும் பரவலாக உள்ளது. அதில் உருக்கிய வெண்ணெயின் மேல் மாவு, சர்க்கரை, பால் ஆகியவற்றைச் சம அளவுக் கோப்பைகளில் கரைத்து ஊற்றி, அதன் மேல் பழம் தூவப்படும். சுடும்போது மாவு உப்பி எழுந்து பழத்தைச் சூழ்ந்துகொள்ளும்.

காப்ளரை ஒத்த வேறு உணவுகளும் உள்ளன. மாவு, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றின் உதிரிக் கலவையைப் பழத்தின் மேல் தூவிச் சுடுவது கிரம்பிள். அதில் ஓட்ஸ் சேர்ந்தால் அமெரிக்காவில் பெரும்பாலும் கிரிஸ்ப் எனப்படும். நியூ இங்கிலாந்துப் பகுதியின் கிரன்ட் அல்லது ஸ்லம்ப், ஓவனில் சுடப்படாமல் மூடிய பாத்திரத்தில் ஆவியில் வேகிறது. பிரித்தானியாவில் இறைச்சிக் குழம்பின் மேல் ஸ்கோன் மாவை வைத்துச் சுடும் கார வகையும் காப்ளர் எனப்படுகிறது.

ஊட்டச்சத்து

100 கிராம் பிளாக்பெர்ரியில் ஏறத்தாழ 88 கிராம் நீர், 5 கிராம் நார்ச்சத்து, 21 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி ஆகியவை உள்ளன. இது தரும் ஆற்றல் சுமார் 43 கிலோகலோரி. சுடும்போது உயிர்ச்சத்து சியின் ஒரு பகுதி அழிகிறது. மேற்கண்ட அளவின்படி ஒருவர் பங்கில் சேர்க்கப்பட்ட சர்க்கரை மட்டும் 25 கிராம் ஆகும். பழம் நன்கு கனிந்திருந்தால் சர்க்கரையைக் குறைக்கலாம்.

மீந்த காப்ளரை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஓவனில் மீண்டும் சூடாக்கி உண்ணலாம். சாற்றின் ஈரத்தை மேல்மாவு உறிஞ்சிக்கொள்வதால், செய்த நாளிலேயே இதன் சுவை சிறப்பாக இருக்கும்.